தங்கவயல் தொழிலாளியும் மயக்க மருந்தும்

(கோலார் தங்கவயலில், மருத்துவமும் செவிலியமும் பயிலும் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடியிருந்த அவையில் மயக்க மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அறுவை மருத்துவத்தைப் பற்றிப் பேசும்போது கத்தியைப் பிடிக்கும் கையைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து அவருடைய மூச்சையும் நாடியையும் காத்துக்கொண்டிருப்பவரை நினைப்பவர் குறைவு. அந்தத் தலைமாட்டுப் பணியைச் செய்பவன் என்ற முறையில் உங்கள் முன் நிற்கிறேன். நுரையீரலும் இதயத் துடிப்பும் பழுதுபட்ட ஒருவருக்கு எப்படி மயக்க மருந்து கொடுப்பது என்பது இன்றைய பொருள். இதைப் பேசுவதற்குத் தங்கவயலைவிடப் பொருத்தமான ஊர் நம் நாட்டில் அதிகம் இல்லை. ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மண்ணுக்கடியில் சேர்ந்த தூசி

1880 ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்கே பொன் எடுக்கத் தொடங்கினர். 1902 இல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் வந்தது. வட ஆர்க்காடு, சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் வந்து குடியேறின. 1956 இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது; பின்னர் அவை மத்திய அரசின் பொறுப்புக்கு வந்தன; 1972 இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 2001 ஆம் ஆண்டு பிப்ரவரி 28 ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இடைப்பட்ட நூற்றிருபது ஆண்டுகளில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் வரை இறங்கியிருந்தது.

இங்கே பொன் கிடைத்தது வெண்கல் எனப்படும் குவார்ட்ஸ் பாறையில். அந்தப் பாறையின் உடல் முழுவதும் சிலிக்கா. துளையிடும்போதும் வெடி வைக்கும்போதும் அள்ளிக் கொட்டும்போதும் சிலிக்காத் தூசி பறக்கும். கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, சளியோடு வெளியேறிவிடும். மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குக்கும் சிறியதான தூசியோ நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை சென்றுவிடும். அங்கே காவல் புரியும் உயிரணுக்கள் அதை விழுங்குகின்றன. செரிக்க இயலாமல் மடிகின்றன. மடிந்த இடத்தில் தழும்பு விழுகிறது. தழும்புகள் முடிச்சுகளாகி, முடிச்சுகள் ஒன்றுசேர்ந்து, பஞ்சு போன்ற நுரையீரல் தோல் போல் இறுகுகிறது. இதுவே சிலிக்கோசிஸ். இதற்குக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. தூசியைவிட்டு வெளியேறிய பின்னும் நோய் வளரக்கூடும். காசநோய் பற்றும் வாய்ப்பையும் இது மிகுதியாக்குகிறது.

இந்திய மருத்துவ வரலாற்றில் சிலிக்கோசிஸ் பற்றிய தொடக்ககாலப் பதிவுகள் கோலார் தங்கவயலிலிருந்தே வந்தன. 1940களில் இங்குள்ள தொழிலாளரிடையே நடத்திய ஆய்வுகள் இந்நோயின் பரவலை நாட்டுக்கு உணர்த்தின. பின்னர் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமும், 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும், 1952 ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமும் இதைத் தொழில்நோயாக ஏற்றன.

சுரங்கம் மூடியாயிற்று; இனி இந்தப் பேச்சு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 2001 இல் நாற்பது வயதாக இருந்தவர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார். குடலிறக்கம், புரோஸ்டேட் வீக்கம், இடுப்பெலும்பு முறிவு, பித்தப்பைக் கல் என்று அறுவை தேவைப்படும் வயது அது. சுரங்கத்தின் கதவு மூடினாலும் சுரங்கத்தின் தூசி அவர் நெஞ்சுக்குள் இருக்கிறது. அந்த நெஞ்சோடுதான் அவர் அறுவை மேசைக்கு வருகிறார்.

நுரையீரலின் சுமை இதயத்தின் மேல்

நுரையீரல் நோயும் இதயத் துடிப்பின் கோளாறும் தனித்தனி நோய்கள் போலத் தோன்றும். பல நோயாளிகளிடம் அவை ஒரே சங்கிலியின் இரண்டு கண்ணிகள். நுரையீரலின் ஒரு பகுதிக்குக் காற்று சரியாகப் போகவில்லையானால் அப்பகுதியின் இரத்தக் குழாய்கள் தாமே சுருங்கிக்கொள்ளும். காற்றில்லாத இடத்துக்கு இரத்தத்தை அனுப்பி வீணாக்க வேண்டாம் என்ற இயற்கையின் சிக்கனம் அது. நுரையீரல் முழுவதுமே கெட்டிருந்தால் இந்தச் சிக்கனமே கேடாகிறது. எல்லாக் குழாய்களும் சுருங்க, நுரையீரலுக்கு இரத்தத்தைத் தள்ளும் வலப்புற இதயம் ஓயாமல் மேட்டில் வண்டி இழுக்கும் மாடு போலாகிவிடுகிறது. நாளடைவில் அது பருக்கிறது, பிறகு தளர்கிறது. கால் வீங்குகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது.

வலப்புற இதயத்தின் மேலறை விரியும்போது துடிப்பின் ஒழுங்கு கெடுகிறது. சீராகச் சுருங்க வேண்டிய மேலறை வெறுமனே நடுங்குகிறது; நாடி ஒழுங்கின்றித் துள்ளுகிறது. இந்த மேலறை நடுக்கத்தால் கீழறைக்கு வந்து சேர வேண்டிய இரத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோகும். துடிப்பு மிக விரைந்தால் இதயம் நிரம்புவதற்கே நேரம் இராது. நடுங்கும் அறையில் தேங்கும் இரத்தம் உறைந்து, மூளைக்குச் சென்று பக்கவாதம் விளைவிக்கவும் கூடும். ஆகவே இத்தகையோர் பலர் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவர்கள். இவை அத்தனையும் அறுவைக்கு முன் மருத்துவர் அறிந்திருக்க வேண்டிய செய்திகள்.

ஐதராபாத்தில் எழுந்த வினா

மயக்க மருந்தால் ஒருவர் இறக்கும்போது முதலில் நிற்பது மூச்சா, இதயமா? இந்த வினாவுக்கு விடை தேடிய புகழ்பெற்ற ஆராய்ச்சி நம் நாட்டில்தான் நடந்தது. 1846 இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கம் வெளிப்படையாக நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சு மாதமே அது கல்கத்தாவை எட்டியது. அதே ஆண்டில் எடின்பரோவில் குளோரோஃபாரம் வந்தது. 1848 ஜனவரியில் இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற பதினைந்து வயதுப் பெண், கால்விரல் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோஃபாரம் கொடுத்தபோது சில நிமிடங்களில் இறந்தாள். மூச்சா, இதயமா என்ற விவாதம் அன்று தொடங்கியது.

ஐதராபாத்தில் மருத்துவராயிருந்த எட்வர்டு லாரி, மூச்சை மட்டும் கவனித்தால் போதும், நாடியைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை என்று உறுதியாக நம்பினார். நிஜாமின் பொருளுதவியோடு 1888 இலும் 1889 இலும் இரண்டு குளோரோஃபாரக் குழுக்கள் அங்கே ஆய்ந்தன. இரண்டாவது ஆய்வுக்கு இலண்டனிலிருந்து லாடர் பிரண்டன் வந்தார். விலங்குகள் மேல் நடத்திய சோதனைகளின் முடிவில் லாரியின் கருத்தே சரி என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் 1911 இல் குட்மன் லெவி என்பவர், குறைந்த அளவுக் குளோரோஃபாரமே இதயத்தின் கீழறையை நடுங்கச் செய்து திடீரெனக் கொல்லக்கூடும் என்று காட்டினார்.

மூச்சைக் காக்க வேண்டும் என்ற அளவில் லாரி சொன்னது சரி. நாடியை விட்டுவிடலாம் என்றதுதான் பிழை. தங்கவயல் தொழிலாளியின் உடலில் மூச்சும் நாடியும் ஒன்றையொன்று இழுத்துச் செல்பவை. எனவே இரண்டில் எதையும் நாம் கண்ணைவிட்டு அகற்ற முடியாது.

உறக்கத்துக்கும் மயக்கத்துக்கும் உள்ள வேறுபாடு

பொது மயக்கத்தை மக்கள் ஆழ்ந்த உறக்கம் என்று எண்ணுகிறார்கள். உறங்குபவர் தாமே மூச்சு விடுகிறார். சளி வந்தால் இருமுகிறார். மயக்கத்தில் இருப்பவர் இவ்விரண்டையும் நம்மிடம் ஒப்படைத்துவிடுகிறார். மல்லாந்து படுத்து மயங்கியவுடன், மூச்சை வெளியே விட்ட பிறகு நுரையீரலில் இருப்பாக நிற்கும் காற்று சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அந்த இருப்புதான் மூச்சு நின்ற வேளையில் உயிரைத் தாங்கும் முதல். நல்ல நுரையீரல் உடையவருக்கு முன்கூட்டியே பிராணவாயு நிரம்பக் கொடுத்திருந்தால், குழாய் செருகும் வரை சில நிமிடங்கள் தாங்கும். தழும்பு விழுந்த நுரையீரலில் அந்த முதலே சிறிது, விரைவில் தீர்ந்துவிடும். பிராணவாயு குறைந்தாலும் கரியமில வாயு தேங்கினாலும் நுரையீரல் இரத்தக் குழாய்கள் மேலும் சுருங்கும், வலப்புற இதயம் திணறும், துடிப்பு தடுமாறும்.

“ஃபிட் இல்லை”

இனி நான் சொல்லப்போவது தனி ஒருவருடைய கதையன்று. பலரிடம் கண்டதை ஒருவராக்கிச் சொல்கிறேன்.

அறுபத்தெட்டு வயதுப் பெரியவர். இருபது ஆண்டுகள் பாறையில் துளையிட்டவர். இருமி இருமி அடிவயிற்றில் குடலிறக்கம். மருத்துவமனைக்குப் போகிறார். எக்ஸ்ரே எடுக்கிறார்கள், படம் நன்றாயில்லை. நாடி ஒழுங்காயில்லை. “ஃபிட் இல்லை” என்று சீட்டில் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் கேட்பவர்களுக்கு அவர் சொல்லும் விடையும் அதே இரண்டு சொற்கள்தாம். கச்சையைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளுகிறார். ஓராண்டு கழித்து ஒரு நள்ளிரவில் குடல் சிக்கிக்கொள்கிறது. வாந்தி, தாங்க முடியாத வலி. இப்போது அவரைத் திருப்பி அனுப்ப வழியில்லை. பகலில், ஆயத்தத்தோடு, அமைதியாகச் செய்திருக்க வேண்டிய அறுவையை இரவில், ஆயத்தமின்றி, நிறைந்த வயிற்றோடும் நலிந்த உடலோடும் செய்ய வேண்டியிருக்கிறது.

அன்று அவரைத் திருப்பி அனுப்பியவர் தீமை நினைத்தவர் அல்லர், ஆபத்தை அஞ்சியவர். ஆனால் ஆபத்து நீங்கவில்லை. தள்ளிப்போடப்பட்டு, வட்டியோடு திரும்பி வந்தது. “ஃபிட் இல்லை” என்பது மருத்துவத்தின் முடிவுரையாக இருக்கக்கூடாது. எதனால் இல்லை, எதைச் செய்தால் ஆகும், எங்கே செய்யலாம் என்ற மூன்று வினாக்களுக்கு அது முன்னுரையாக வேண்டும். இன்று நான் வற்புறுத்த வந்தது இதைத்தான்.

அறுவைக்கு முன் ஆயத்தம்

முதல் சோதனைக்குக் கருவியே வேண்டா. “ஐயா, நீங்கள் என்ன வேலை செய்தீர்கள்?” என்று கேளுங்கள். தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700 இல் நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் ராமசீனி, நோயாளியிடம் கேட்க வேண்டிய வினாக்களில் இதையும் சேர்க்கச் சொன்னார். மாரிக்குப்பத்திலிருந்து ரயிலேறிப் பெங்களூர் மருத்துவமனைக்குச் செல்லும் முதியவரைப் பார்க்கும் இளம் மருத்துவருக்கு, அவர் சுரங்கத்தில் உழைத்தவர் என்பது முகத்தைப் பார்த்துத் தெரியாது. கேட்டால்தான் தெரியும். என்ன வேலை, எத்தனை ஆண்டு, துளையிடும் பணியா, மேற்பரப்புப் பணியா என்று கேட்டு எழுத வேண்டும்.

இரண்டாவது, அவர் எவ்வளவு தூரம் நடக்கிறார், மாடிப்படி ஏறினால் எத்தனையாவது படியில் நிற்கிறார், மல்லாந்து படுக்க முடிகிறதா என்பது. பிறகே மார்பு எக்ஸ்ரே, இ.சி.ஜி., மூச்சளவுச் சோதனை, தேவையானால் எக்கோ. சளியில் காசநோய்க் கிருமி உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். இருந்தால், அவசரமில்லாத அறுவையைச் சிகிச்சை பலன் தரும் வரை ஒத்திவைப்பது நோயாளிக்கும் நல்லது. அவரைச் சூழ்ந்து நிற்கும் பணியாளருக்கும் நல்லது.

அடுத்தது சீர்ப்படுத்துதல். பீடியும் சிகரெட்டும் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே நிற்க வேண்டும். மூச்சுக்குழல் விரிய உதவும் இழுப்பு மருந்தை ஒழுங்காகப் பயன்படுத்தச் செய்து, அறுவை நாள் காலையிலும் கொடுக்க வேண்டும். ஆழ்ந்து மூச்சிழுக்கும் பயிற்சியை அறுவைக்கு முன்பே கற்பிக்க வேண்டும். வலியோடு படுத்திருக்கும்போது புதிதாகக் கற்க ஒருவராலும் ஆகாது.

துடிப்புக்கான மாத்திரைகளைத் திடீரென நிறுத்தலாகாது. ‘அறுவை நாளில் எதுவும் வாயில் போடக்கூடாது’ என்ற பொது அறிவுரையைக் கேட்டு நோயாளி தாமாக நிறுத்திவிடுவது உண்டு. எதை நிறுத்துவது, எதை ஒரு வாய்த் தண்ணீரோடு உண்பது என்பதை அவர் தாய்மொழியில் எழுதிக் கொடுங்கள். இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோ வேறு வகை. வார்ஃபரின் போன்றதை வழக்கமாக ஐந்து நாள் முன்னதாக, மருத்துவர் சொற்படி நிறுத்த வேண்டியிருக்கும். நீர் பிரிய உதவும் மாத்திரையும் சில மூச்சு மருந்துகளும் இரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கக்கூடும். அந்தக் குறைவு துடிப்பைக் கெடுக்கும். ஆகவே அதையும் அளந்து சரிசெய்ய வேண்டும். துடிப்பை ஒழுங்குபடுத்தும் பேஸ்மேக்கர் கருவி பொருத்தியவரானால் அதை முன்னதாகவே சோதிக்க வேண்டும். அறுவையில் பயன்படும் மின்சூட்டுக் கருவி அதன் வேலையில் குறுக்கிடக்கூடும்.

முழு மயக்கமா, பகுதி மயக்கமா?

நுரையீரல் கெட்டவருக்கு முழு மயக்கத்தைத் தவிர்க்க முடியுமானால் தவிர்ப்பதே பெரும்பாலும் நன்று. குடலிறக்கத்தை அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தே சரிசெய்யலாம். புரோஸ்டேட், இடுப்பு, கால் ஆகியவற்றின் அறுவைக்கு முதுகுத் தண்டில் ஊசி போதும். நோயாளி விழித்திருப்பார், தாமே மூச்சு விடுவார், தாமே இருமுவார்.

ஆனால் முதுகில் ஊசி என்றாலே ஆபத்தில்லை என்று எண்ணிவிடக் கூடாது. இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கினால் பருத்துத் தளர்ந்த வலப்புற இதயம் தாங்காது. உறைவைத் தடுக்கும் மாத்திரையின் வீரியம் தீராமல் ஊசி போட்டால் தண்டுவடத்தருகே இரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளலாம். தோளை மரக்கச் செய்யக் கழுத்தில் போடும் ஊசி, அந்தப் பக்கத்து உதரவிதானத்தைச் செயலிழக்கச் செய்யும். மூச்சு இருப்பு குறைந்தவருக்கு அது பேரிழப்பு. மல்லாந்து படுக்கவே இயலாதவருக்கு விழித்தபடி ஒரு மணி நேரம் படுத்திருப்பது தண்டனை. ஆகவே நோயாளியையும் அறுவையையும் சேர்த்துப் பார்த்தே முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அறுவை மேசையில்

வயிற்றின் மேற்பகுதி, மார்பு ஆகியவற்றின் பெரிய அறுவைகளில் பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படும். அப்போது செயற்கைச் சுவாசத்தைச் சிறிய அளவுகளில், உயரத்துக்குரிய எடையில் கிலோவுக்கு 6 முதல் 8 மில்லிலிட்டர் என்ற கணக்கில் கொடுக்கிறோம். காற்று வெளியேறப் போதிய நேரம் விடுகிறோம். அழுத்தம் மிகுந்தால் நலிந்த நுரையீரல் கிழிந்து, காற்று மார்புக் கூட்டுக்குள் கசியலாம். 1956 இல் வழக்குக்கு வந்த ஹாலோதேன், அட்ரினலினோடு சேர்ந்தால் துடிப்பைத் தடுமாறச் செய்யும் இயல்புடையது. பல இடங்களில் இன்று அதன் இடத்தைச் செவோஃப்ளுரேன் பெற்றுள்ளது. புதிய மருந்து வந்ததால் கவனம் குறையலாம் என்பதில்லை. துடிப்பு தடுமாறியதும் மருந்தைத் தேடி ஓடும் முன், பிராணவாயு குறைந்ததா, கரியமில வாயு தேங்கியதா, வலி மிகுந்ததா, இரத்தம் இழந்தாரா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைக் கொரோனாக் காலத்தில் எல்லா வீடுகளும் அறிந்துகொண்டன. அதன் தத்துவத்தை 1974 இல் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி வெளியிட்டார். 2008 இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில் அது இடம்பெற்றது. ஆயினும் கருத்த தோலில் அது சற்று மிகையாகக் காட்டக்கூடும் என்பதையும், கரியமில வாயுவை அது அளக்காது என்பதையும் மாணவர்கள் மறக்கக்கூடாது. அதற்கு வேறு கருவி வேண்டும்.

அறுவை முடிந்தவுடன் ஆபத்து முடிந்துவிடுவதில்லை. அடுத்த சில நாள்களில்தான் சளி கட்டுவதும் நிமோனியா வருவதும் மேலறை நடுக்கம் தோன்றுவதும் மிகுதி. வலிக்குப் பயந்து நோயாளி இருமாமல் இருந்தால் சளி தங்கும். மிகையான தூக்க மருந்து கொடுத்தால் மூச்சு மந்தமாகும். வலியை அளவோடு அடக்கி, சீக்கிரம் எழுப்பி உட்கார வைத்து, மூச்சுப் பயிற்சி செய்விக்கும் செவிலியர்தாம் அந்நாள்களில் உண்மையான மருத்துவர்.

அலுவலர்களிடம் வேண்டுவது

அலுவலர்களே, உங்களால் ஆகக்கூடியவை சில உண்டு. மருத்துவமனைச் சீட்டில் பெயர், வயது, ஊர் என்பவற்றோடு ‘செய்த தொழில், ஆண்டுகள்’ என்று ஒரு வரி சேருங்கள். செலவு மை ஒன்றே. பழைய எக்ஸ்ரே படங்களையும் சுரங்கப் பணிச் சான்றுகளையும் முதியவர்கள் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். அவற்றை மருத்துவமனைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அவை நட்டஈட்டுக்கு மட்டுமின்றி அறுவை மேசைக்கும் ஆவணங்கள். வட்டத்திலும் மாவட்டத்திலும் உள்ள மருத்துவமனைகளில் அறுவைக்கு முன் மயக்க மருத்துவர் நோயாளியைப் பார்க்க வாரத்தில் ஒரு நாளாவது ஒதுக்குங்கள். பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதானால் காரணத்தையும் செய்த சோதனைகளையும் எழுதி, எங்கே, யாரிடம், எந்த நாள் என்று குறித்து அனுப்புங்கள். வெறுங்கையோடு அனுப்புவது பாதி வழியில் கைவிடுவதற்கு ஒப்பாகும்.

இது தங்கவயலோடு நிற்கும் செய்தியும் அன்று. கல்குவாரியிலும் ஜல்லி ஆலையிலும் கல் அறுக்கும் பட்டறையிலும் இன்றைய இளைஞர்கள் அதே தூசியைச் சுவாசிக்கிறார்கள். மந்த்சௌரின் சிலேட்டுக்குச்சித் தொழிலாளரும் காம்பேயின் அகேட்டுக்கல் தொழிலாளரும் பட்ட பாட்டை நாடு அறியும். தண்ணீர் தெளித்துத் துளையிடுவதும் தூசியை உறிஞ்சும் கருவி வைப்பதும், இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு மயக்க மருத்துவரின் கவலையைக் குறைக்கும் மருந்துகள். தடுப்பதே முதல் சிகிச்சை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏற்கெனவே தூசியைச் சுமப்பவரிடம் தடுப்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை. அவருக்கு வேண்டியது ஆயத்தமான மருத்துவமனை.

மாணவ நண்பர்களே, இந்த ஊரின் பாறைக்குள்ளிருந்து நாடு எண்ணூறு டன்னுக்கு மேல் பொன் எடுத்துக்கொண்டது என்பார்கள். எடுத்துக் கொடுத்தவர்கள் மூச்சிரைக்க நம் வாயிற்படி ஏறி வரும்போது, உட்கார நாற்காலி கொடுங்கள், மூச்சு வாங்கட்டும். பிறகு என்ன வேலை செய்தீர்கள் ஐயா என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடையிலிருந்து உங்கள் மயக்க மருத்துவம் தொடங்கட்டும்.